மடையைத் திருகினால் போதாது

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வள்ளியூர்ப் பெருமக்களே, வணக்கம். அணு விபத்துகள் தரும் பாடம் அணுமின்சாரத்தைக் கைவிடுவதா, திருத்தி நடத்துவதா என்னும் தலைப்பில், திருத்தி நடத்துவதே என்ற அணிக்காக வந்து நிற்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரி திரீ மைல் ஐலண்ட், செர்னோபில், புகுஷிமா என்று விபத்து நடந்த மூன்று ஊர்களின் பெயரைச் சொல்லி, "இதற்கு மேலுமா பாடம் வேண்டும்?" என்று கேட்டார். அந்த ஊர்களில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

எங்கள் ஊர்க் குளத்து மடைக்கு ஷட்டர் வைத்த பிறகும், என் தகப்பனார் கைப்பிடியைத் திருகியதோடு வீட்டுக்கு வந்துவிட மாட்டார்; கரையிறங்கி, வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மடை அடைத்தாயிற்று என்பார். 1979 மார்ச் 28 அதிகாலையில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் தவறிப்போனது இந்தக் கரையிறங்கிப் பார்க்கும் வேலைதான். அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு மூடிக்கொள்ளாமல் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டு அறையின் விளக்கோ, மூடச் சொல்லி ஆணை போய்விட்டது என்பதை மட்டுமே காட்டியது. வால்வு மூடியதா என்பதைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டிருக்க, உலையில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணிய ஊழியர்கள் அவசர நீரையும் குறைத்தார்கள். எரிபொருள் இருக்கும் உலையின் உள்ளகத்தில் ஏறத்தாழப் பாதி உருகியது. ஒகையோ மாநிலத்து டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் 1977 செப்டம்பரிலேயே இதேபோல் வால்வு திறந்து நின்று, அங்கிருந்தவர்கள் சுமார் இருபது நிமிடங்களில் கண்டுபிடித்து அடைத்திருந்தார்கள். பாடம் இருந்தது, அது வேண்டியவர்களின் கைக்குப் போய்ச் சேரவில்லை.

அன்றைய சோவியத் யூனியனின் செர்னோபிலிலும் அதே கதைதான். உலையை நிறுத்த இறக்கும் தண்டுகளே முதல் சில நொடிகளில் ஆற்றலைக் கூட்டிவிடக்கூடும் என்பது 1983இல் அதே நாட்டின் இக்னலினா நிலையத்தில் இருந்த அதே வகை உலையின் சோதனையில் தெரிந்திருந்தும், 1986 ஏப்ரல் 26 நள்ளிரவுக்குப் பின் உலையை நிறுத்தும் பொத்தானை அழுத்தியவர்களுக்கு யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

ஜப்பானின் புகுஷிமாவை எண்ணும்போதுதான் என் மனம் அதிகம் கனக்கிறது. 5.7 மீட்டர் சுனாமி அலைக்குக் கணக்கிட்ட நிலையத்துக்கு 15.7 மீட்டர் வரை அலை வரலாம் என்று 2008இல் அதை நடத்திய நிறுவனத்துக்குள்ளேயே ஒரு கணக்கு இருந்தது. 2011 மார்ச் 11 அன்று ஏறத்தாழ அந்த உயரத்துக்கே கடல் வந்து, தாழ்வான இடங்களில் இருந்த, அவசர மின்சாரம் தரும் டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. மின்சாரமற்ற இருட்டில், உலையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று பார்க்க, ஊழியர்கள் வளாகத்தில் நின்ற கார்களின் பேட்டரிகளைக் கழற்றி வந்து அளவுமானிகளில் இணைத்தார்கள். எதிர்பாராத அலை என்று பிறகு சொன்னார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதைக் கண்ட நமக்கு, பழைய கணக்கை இயற்கை மதிப்பதில்லை என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எச்சரித்தும் கேட்காத மனிதர்களை நம்பி உலையை ஒப்படைக்கலாமா என்று எதிரணி கேட்கும். நியாயமான கேள்வி. அதற்கு அதே ஜப்பானின் ஒனகாவா நிலையத்தைக் காட்டுகிறேன். நிலநடுக்க மையத்துக்குப் புகுஷிமாவைவிட நெருக்கமாக இருந்தும், பழைய சுனாமிகளை மனத்தில் வைத்துச் சுமார் 14.8 மீட்டர் உயரத்தில் கட்டியதால் அதன் உலைகள் பத்திரமாக நின்றன; வீடிழந்த ஊர்மக்கள் அந்த வளாகத்திலேயே தஞ்சம் புகுந்தார்கள். அதே கடல், அதே நாள், அதே தொழில்.

காற்றாலை போதும் என்றார் ஒரு நண்பர். காற்றாலை வேண்டும்தான், ஆனால் பணகுடியில் ஆடியில் அடிக்கும் காற்று மார்கழியில் அடிப்பதில்லை.

கூடங்குளத்தின் உலைகளில், எரிபொருள் உருகினாலும் அதை ஏந்திக்கொள்ளும் கலமும், மின்சாரமே இல்லாதபோதும் காற்றோட்டத்தால் வெப்பம் தணிக்கும் ஏற்பாடும் இருக்கின்றன. இவை பழைய விபத்துகளில் கற்றவை. ஆனால் இரும்பும் சிமெண்டும் பாதிதான். கூடங்குளம் வழக்கின் 2013 மே 6 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பதினைந்து கட்டளைகளை இட்டது. அவை எந்த அளவு நிறைவேறியிருக்கின்றன என்று இராதாபுரம் வட்டத்து ஊர்ச்சாவடி ஒவ்வொன்றிலும் எழுதி ஒட்டியிருக்க வேண்டும் என்பதே எங்கள் அணியின் கோரிக்கை.

2011இல் கூடங்குளம் உலையின் சோதனை ஓட்டத்தின்போது எழுந்த இரைச்சலைக் கேட்டு நடுங்கிய இடிந்தகரைத் தாய்மாருக்கு என்ன பதில் என்று சகோதரி கேட்டார். அந்தச் சத்தம் எதனால் வந்தது, அடுத்து எப்போது வரும், உண்மையிலேயே ஆபத்து என்றால் எந்தச் சாலையில், எந்தப் பேருந்தில் பிள்ளைகளோடு புறப்பட வேண்டும் என்பதே அவர்களுக்குரிய பதில். அது தமிழில், அவர்கள் தெருவிலேயே, சத்தம் வருவதற்கு முன்பே கிடைக்க வேண்டும். திருத்தி நடத்துவது என்று எங்கள் அணி சொல்வதில் இதுவும் அடக்கம். அந்தப் பொருளிலேயே எங்கள் பக்கம் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.