மெட்டு இரவல், சொல் சொந்தம்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சிறுபான்மை மொழி பேசும் குடும்ப இசைக்குழுவின் பண்பாட்டு அடையாளம் மெட்டில் இருக்கிறதா, மொழியில் இருக்கிறதா என்பது இன்றைய வழக்கு. மொழியில்தான் என்று வாதிட வந்திருக்கிறேன். எதிரணித் தோழர் அயர்லாந்தின் கிளானட் குழுவைச் சாட்சிக்கு அழைத்தார்; நானும் அதே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறேன்.

ஐரிஷ் இன்றும் வீட்டுமொழியாக வழங்கும் டொனகல் மாவட்டத்துக் குவீடோரில், 1970இல், பிரென்னன் வீட்டு உடன்பிறப்புகள் மூவரும் அவர்களின் இரட்டைத் தாய்மாமன்மாரும் சேர்ந்து அமைத்த குழு அது. தந்தையின் மதுவிடுதியே அவர்களுக்கு மேடை. ‘டோர் ஊர்க் குடும்பம்’ என்னும் பொருள்பட ஐரிஷில் வைத்துக்கொண்ட பெயரின் சுருக்கமே கிளானட்.

அவர்களின் இசையை வைத்தே அவர்களை இனங்காணலாம் என்றார் தோழர். ஐரிஷ் மொழியின் பழைய பாடல் மரபில், பக்கவாத்தியம் ஏதுமின்றி ஒருவர் தனித்துப் பாடுவார். கிளானட்டோ பல குரல்களை அடுக்கியது, கித்தாரைச் சேர்த்தது, டபுள் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை ஜாஸ் வாசனையோடு மீட்டியது. கேட்க இனிமைதான், ஆனால் அதில் பாதி வெளியூர்ச் சரக்கு. குவீடோரிலிருந்து மாறாமல் வந்தவை பாடலின் சொற்களே. 1970இல் போட்டியொன்றில் வென்ற அவர்களின் முதல் இசைத்தட்டு 1973 வரை வெளிவராமல் கிடந்ததற்கு, ஐரிஷ் பாடல்கள் விற்குமா என்று நிறுவனம் தயங்கியது ஒரு காரணம். கித்தாரைக் கண்டு தயங்கியவர் எவருமில்லை.

1982இல், வட அயர்லாந்து மோதலைப் பற்றிய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடருக்காக அவர்கள் ஐரிஷில் பாடிய பாட்டு, பிரிட்டனின் விற்பனை வரிசையில் 5ஆம் இடத்தைப் பிடித்தது. ஒரு சொல்லும் புரியாமல் ரசித்தார்களே, அது இசையின் வெற்றியல்லவா என்கிறார் தோழர். விற்பனை இசையின் வெற்றியாகவே இருக்கட்டும். பல்லவியில் வருபவை பொருளற்ற ஓசைச்சொற்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும், ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் எளிதாக விலைபோயிருக்கும் அந்த இடத்தில், நிலவும் கதிரவனும் உட்பட வந்ததெல்லாம் போய்விடும் என்னும் பழைய ஐரிஷ் பழமொழியையல்லவா அவர்கள் எடுத்து வைத்தார்கள்?

1985ஆம் ஆண்டு இசைத்தொகுப்பில், யூ2 என்னும் ராக் இசைக்குழுவின் பாடகர் போனோவுடன் அவர்கள் ஆங்கிலத்திலும் பாடினார்கள். அதே குடும்பம், அதே குரல்கள், நல்ல பாட்டுத்தான். அதில் குவீடோர் எந்த இடத்தில் கேட்கிறது என்று எதிரணியினர் எழுந்து காட்டட்டும், நான் அமர்கிறேன்.