நாலு பூட்டுப் பெட்டியும் சம்பளச் சீட்டும்

சிங்கப்பூர் நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். லுத்தரன் சபை வாழ்க்கையைப் பற்றிப் பேசுங்கள், அப்படியே சபைக்கும் ஊருக்கும் உள்ள உறவையும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இது இரண்டு விஷயம் இல்லை, ஒன்றுதான். சபையின் வேலை ஜெபம் பண்ணுவது, மற்றதெல்லாம் நேரமும் காசும் மிஞ்சினால் செய்கிற தர்மம் என்று சபைக்கு உள்ளேயும் பலர் நினைக்கிறார்கள். இதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

லுத்தரன் சபைக்குப் பெயர் வரக் காரணமான ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர், 1529-ல் வீடுகளில் வைத்துப் படிக்க ஒரு சிறிய ஞானோபதேசம், அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தருகிற புத்தகம், எழுதினார். சபையில் முழு அங்கத்தினராகும் முன் நடக்கிற திடப்படுத்தல் வகுப்புக்குப் போன லுத்தரன் பிள்ளைகள் அதை மனப்பாடம் பண்ணியிருப்பார்கள். இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் வருகிற அன்றாட ஆகாரம் என்றால் என்ன என்று அதில் ஒரு கேள்வி. பதிலில் சாப்பாடு, துணி, செருப்பு, வீடு, வயல், மாடு என்று வரிசையாக வரும், அப்புறம் நல்ல அரசாங்கம், ஏற்ற மழை வெயில், சமாதானம், ஆரோக்கியம், நல்ல நண்பர்கள், நம்பிக்கையான அண்டை வீட்டார் என்று போய்க்கொண்டே இருக்கும். அரசாங்கமும் பக்கத்து வீட்டுக்காரரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். தினமும் இந்த ஜெபத்தைச் சொல்லிவிட்டு, ஊர் எப்படிப் போனால் எனக்கென்ன என்று எப்படி இருக்க முடியும்?

இதற்கும் ஆறு வருஷம் முன்னால், 1523-ல், ஜெர்மனியில் சாக்சனிப் பக்கம் லைஸ்னிக் என்ற சின்ன ஊர் சபையார் ஒரு ஏற்பாடு செய்தார்கள். கோயில் வருமானம், மானியம், காணிக்கை எல்லாவற்றையும் ஒரே பொதுப் பெட்டியில் போடுவது. பெட்டிக்கு நாலு பூட்டு, நாலும் வேறு வேறு. ஒரு சாவி பிரபுக்களிடம், ஒன்று நகர மன்றத்திடம், ஒன்று ஊர் மக்களிடம், ஒன்று சுற்றுக் கிராமத்து விவசாயிகளிடம். நாலு பேரும் சேர்ந்து வந்தால்தான் பெட்டி திறக்கும். பொறுப்பாளர்கள் பத்துப் பேர், அதில் விவசாயிகள் மட்டும் மூன்று பேர். வருஷத்துக்கு மூன்று தடவை ஊரைக் கூட்டிக் கணக்கை வாசிக்க வேண்டும். போதகர் சம்பளம், பள்ளிக்கூடம், பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர ஒரு அம்மா, அநாதைப் பிள்ளைகள், முடியாத முதியவர்கள், தொழில் நொடித்துப்போன கைவினைஞர்கள் எல்லாருக்கும் அந்தப் பெட்டியிலிருந்து. பஞ்சம் வந்தால் கொடுக்கத் தானியமும் வாங்கி வைக்க வேண்டும். லூத்தர் அதற்கு முன்னுரை எழுதி அச்சில் கொண்டுவந்தார். நகர மன்றம் தன் கையிலிருந்த சொத்தை விட்டுக்கொடுக்க மறுத்ததால் திட்டம் நினைத்தபடி ஓடவில்லை, அது வேறு கதை. ஆனால் சாவி நாலு கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தார்களே, அதுதான் எனக்குப் பெரிசு. சபைக் காசைக் கையாளுகிற யாருக்கும் இன்றைக்கும் அதில் பாடம் இருக்கிறது.

சரி, நம் பக்கம் வருவோம். 1706 ஜூலை 9, தரங்கம்பாடியில் சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரண்டு லுத்தரன் மிஷனரிகள் கப்பலை விட்டு இறங்குகிறார்கள். அச்சகம், தமிழில் புதிய ஏற்பாடு என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள், நான் தஞ்சாவூரைப் பற்றிச் சொல்கிறேன். 1780 வாக்கில் ஹைதர் அலி படை சுற்றிவர, கோட்டைக்குள் பஞ்சம். வெளியே தானியம் இருக்கிறது, ஏற்றிவர மாடு இல்லை, மாட்டுக்காரர்கள் வர மாட்டேன் என்கிறார்கள், ஏனென்றால் முன்பு வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்கவில்லை. ராஜாவின் வார்த்தையையே யாரும் நம்பாத நேரம். கடைசியில் லுத்தரன் போதகர் சுவார்ட்ஸைக் கேட்கிறார்கள். கூலிக்கு நான் பொறுப்பு என்று அவர் சொன்னதும் மாடுகள் வந்தன, 80,000 கலம் (கலம் என்பது அந்தக் காலத் தானிய அளவு) தானியம் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி கூலியும் கொடுத்தார். அத்தனை வருஷம் அந்த ஜனங்களோடு ஒழுங்காக நடந்துகொண்டதால்தான் அவர் வார்த்தைக்கு அந்த மதிப்பு.

இதையும் சொல்லியாக வேண்டும்: அதே லுத்தரன் மரபு தமிழ்நாட்டில் சாதியைக் கோயிலுக்குள் அனுமதித்தது. 19-ஆம் நூற்றாண்டில் மற்ற மிஷன்கள் எதிர்த்தபோதும் ஜெர்மனியிலிருந்து வந்த லுத்தரன் லைப்சிக் மிஷன் விட்டுக்கொடுத்துப் போனது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. சாதியை வெளியே தள்ளாத சபை, ஊருக்கு நியாயம் சொல்லப் போகக் கூடாது.

சிங்கப்பூரில் லுத்தரன்கள் சின்னக் கூட்டம்தான். மலேசியாவோடு ஒன்றாக இருந்த திருச்சபை 1997-ல் இங்கே தனியானது. இங்கே யீஷூன் வட்டாரத்தில் ஒரே கட்டடத்தை ஆங்கிலிக்கன் சபையும் லுத்தரன் சபையும் பகிர்ந்துகொள்கின்றன, எனக்கு ரொம்பப் பிடித்த ஏற்பாடு அது. லுத்தரன் சமூகப் பராமரிப்புச் சேவை என்ற அமைப்பு, சண்டை போட்டவர்களை வட்டமாக உட்கார வைத்து ஒருவர் பேச மற்றவர் கேட்கும்படி செய்து உறவைச் சீர்ப்படுத்துகிற முறையைப் பல வருஷமாக இங்கே வளர்த்துவருகிறது.

எனக்கு நெருக்கமான வேலை இன்னும் சின்னது. ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கிற நேரத்தில் ஹாலில் ஓரமாக ஒரு மேசை போடுவோம். ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த தம்பிகள் போனை நீட்டுவார்கள், "அக்கா, இது சரியா இருக்கா பாருங்க." சம்பளச் சீட்டின் போட்டோ. பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் சீட்டில் ஓவர்டைம் மணி ஒன்று, அவர் நோட்டில் எழுதி வைத்திருந்த மணி வேறு. நோட்டு என்றால் சட்டைப்பைக்குள் அடங்குகிற குட்டி நோட்டு, வியர்வையில் ஓரமெல்லாம் ஊறியிருந்தது, தேதி, ஏறின நேரம், இறங்கின நேரம் மட்டும் பேனாவில். ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகக் கூட்டினார். ஓவர்டைமுக்கு அடிப்படை மணிச் சம்பளத்தைப் போல ஒன்றரை மடங்கு வர வேண்டும், பிடித்தம் எதற்கு என்று சீட்டில் எழுதியிருக்க வேண்டும், இதெல்லாம் சிங்கப்பூர்ச் சட்டத்தில் உள்ளது. அந்த நோட்டு இருந்ததால் தம்பி நிதானமாகக் கம்பெனியில் போய்க் கேட்டார், விடுபட்டது அடுத்த மாதம் வந்தது. கேட்கவே பயந்தவர் அவர், ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று.

இது அரசியலா என்று சபையில் ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. பிரசங்க பீடத்தில் நின்று யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று போதகர் சொல்லக் கூடாது, சிங்கப்பூரில் 1990-ல் வந்த சமய நல்லிணக்கச் சட்டமும் அந்தக் கோட்டைத் தாண்ட விடாது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன், பீடம் சுவிசேஷத்துக்கு உரியது. ஆனால் பீடத்துக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் குடிமக்கள். லூத்தர் பார்வையில் செருப்புத் தைப்பதும் பிள்ளைக்குத் துணி மாற்றுவதும் கடவுள் கொடுத்த அழைப்பு என்றால், கணக்குப் பார்ப்பதும் அக்கம்பக்கத்தாரோடு குடியிருப்பாளர் கூட்டத்துக்குப் போய் லிப்ட் பழுதைப் பற்றிப் பேசுவதும் அழைப்புதான்.

கேட்டுக்கொண்டிருக்கிற தம்பிகளுக்கு ஒன்று. சம்பளம் பாக்கி இருந்தால் வேலையில் இருக்கும்போது, பிரச்சினை நடந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம். தள்ளிப்போடாதீர்கள். தினமும் நேரத்தை எழுதி வையுங்கள். ஆங்கிலமும் தமிழும் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருக்கிறவர்கள், சபையோ கோயிலோ பள்ளிவாசலோ, உங்கள் இடத்திலேயே இப்படி ஒரு மேசை போடலாம், ஒரு பேனாவும் கால்குலேட்டரும் போதும். அழைத்ததற்கு நன்றி, வணக்கம்.