ஓட்டுச்சில்லுக்கு ஓர் அறை

(நெல்லைச் சீமையில் ஒரு கல்லூரியின் வரலாற்று மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, முன்னிலை வகிக்கும் கல்லூரிச் செயலர் அவர்களே, வேறொரு கூட்டத்தை முடித்த கையோடு நமக்காக ஓடிவந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாவட்ட வருவாய் அலுவலர் அவர்களே, அருமையாக வரவேற்ற துறைத்தலைவர் அம்மையார் அவர்களே, தமிழ்த்துறையிலிருந்தும் நிலவியல் துறையிலிருந்தும் வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்கும் மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதல்வர் அவர்களைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அவர் வேதியியல்காரர். வரலாற்று மன்ற விழாதானே என்று குத்துவிளக்கை ஏற்றிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அவரோ காலையில் என்னைத் தன் அறையில் உட்கார வைத்து, காலம் கணிக்கக் கரித்துண்டை எப்படிப் பொறுக்க வேண்டும், கைபட்டால் கெட்டுப்போகுமா, தேதியில் முன்பின் எவ்வளவு வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வரலாற்றுத் துறைக்கு இப்படி ஒரு முதல்வர் வாய்ப்பது பெரிய கொடுப்பினை. செயலர் அவர்களின் தகப்பனார் காலத்திலேயே இந்தக் கல்லூரி நூலகத்துக்குக் கல்வெட்டுத் தொகுதிகளை வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதையும் இங்கே நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பண்டைய வரலாற்றையும் தொல்லியலையும் கல்லூரியில் எப்படிக் கற்பிப்பது என்று பேசச் சொன்னார்கள். நான்கு செய்திகள் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று களம், இரண்டு ஆய்வகம், மூன்று கல்வெட்டு எழுத்து, நான்கு இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது. நான்காவதுக்குத்தான் மாணவர்கள் காத்திருப்பீர்கள் என்று தெரியும்.

அகல உழுவதைவிட ஆழ உழு என்பார்கள் நம் சம்சாரிகள். என்னிடம் படித்தவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பார்கள். ஆனாலும் நம் பாடத்திட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பழமொழிதான் வாயில் வருகிறது. பழைய கற்காலத்தில் தொடங்குகிறோம். புதிய கற்காலம், சிந்துவெளி, வேதகாலம், மௌரியர், குப்தர் என்று ஒரே ஓட்டமாக ஓடி, பருவத் தேர்வுக்கு முன்னால் மூச்சு வாங்க ஹர்ஷரில் வந்து நிற்கிறோம். தொல்லியல் என்று ஒரே ஒரு தாள். அதிலும் ஐந்து அலகு. 'கற்கால மக்களின் வாழ்க்கை முறையை விவரி' என்று ஒரு பத்து மதிப்பெண் கேள்வி. மாணவன் எழுதுகிறான்: 1863இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் புட் கைக்கோடரியைக் கண்டுபிடித்தார். எழுதியது சரிதான், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அந்தக் கோடரியின் கனம் எவ்வளவு, எந்தப் பக்கம் உள்ளங்கையில் உட்காரும், எங்கே தட்டிச் சில்லு பெயர்த்தார்கள் என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. அவன் அதைத் தொட்டதே இல்லை. புட் அவர்கள் நிலவியல் அளவைத் துறைக்காரர். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகிய மனிதர். அதனால்தான் சரளைக் குழியில் கிடந்த ஒரு கல், மனிதன் தட்டிய கல் என்று அவர் கண்ணுக்குப் பட்டது.

ஆழ உழுவது என்றால் என்ன என்று ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல். புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஒரே ஒரு ஈமச்சின்னத்தை, அதாவது இறந்தவரைப் புதைத்த குழியை, எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே நான்கு கால் வைத்த ஒரு சாடி. அதற்குள் இரண்டு கிலோ அளவு நெல். பக்கத்தில் பானையைத் தாங்கும் ஒரு பிரிமனை, அதன்மேல் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் பொறிப்பு. கூடவே மணிகள். அந்த நெல்லை ஏ.எம்.எஸ். என்னும் கரிமக் காலக்கணிப்பு முறையில் கணித்தபோது கி.மு. 490 என்று வந்தது. இந்த ஒரு குழியை வைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க வகுப்பு நடத்தலாம். நெல் என்றால் வேளாண்மை. எழுத்து என்றால் அதை எழுதியவர் யார், படித்தவர் யார் என்ற கேள்வி. மணிகள் என்றால் அந்தக் கல் எந்த மலையிலிருந்து வந்தது என்ற கேள்வி. எல்லாவற்றுக்கும் மேலே, நெல்லுக்குக் கிடைத்த காலத்தை எழுத்துக்கும் எப்படிப் பொருத்துகிறோம் என்ற கேள்வி. கடைசிக் கேள்வியை ஒரு மாணவன் தானாகக் கேட்டுவிட்டால் அவனுக்குத் தொல்லியல் வந்துவிட்டது என்று அர்த்தம். சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155 என்று அரசு அறிவித்தபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்டோம், பட வேண்டியதுதான். எந்தத் தாழி, எந்த மண் அடுக்கு, எந்த மாதிரி என்று கேட்கத் தெரிந்த மாணவனுக்குத்தான் அந்தப் பெருமை நிலைக்கும்.

களத்துக்கு வருகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது. முதுகலை மாணவர்களைக் கூட்டிக்கொண்டு தாமிரபரணிக் கரையில் ஒரு பரம்புக்குப் போயிருந்தேன். ஆதிச்சநல்லூர் இல்லை, அது வேலி போட்ட இடம். இது பாதுகாப்பு எதுவும் இல்லாத பொட்டல். ஒரு பக்கம் செம்மண் அள்ளி அள்ளிப் பள்ளமாகிவிட்டது. பள்ளத்துச் சுவரில் தாழிகள் பாதி உடைந்து துருத்திக்கொண்டு நின்றன. சித்திரை வெயில். பேருந்து நின்ற இடத்திலேயே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கம்பை ஊன்றிக்கொண்டு எங்களை மறித்தார். "என்னய்யா தேடுதீய? தங்கமா?" என்றார். இல்லை ஐயா, பானையோடு பார்க்க வந்தோம் என்றேன். அவர் நம்பவில்லை. "பானையோடு பாக்கவா பஸ்ஸு பிடிச்சு இத்தனை பேரு வந்திய? எங்க வீட்டுக்குப் பின்னாடி கிடக்கே, வண்டி வண்டியா எடுத்துட்டுப் போங்க" என்று சொன்னவர், கடைசி வரை எங்கள் பின்னாலேயே வந்தார். ஒரு தாழிப் பக்கம் மட்டும் போகவிடவில்லை. அதைத் தொட்டால் மழை வராது என்றார். சரி என்று சுற்றிப் போனோம்.

மாணவர்களைப் பள்ளத்தின் ஓரமாக உட்கார வைத்தேன். கீழே சரிந்து கிடந்த ஒரு கறுப்பு சிவப்புப் பானைச் சில்லைக் கையில் எடுத்துப் பாடத்தைத் தொடங்கினேன். உள்பக்கமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, இரும்புக்கால மக்களின் அடையாளம் என்று வழக்கமாகச் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் ஒரு பெண் இருந்தாள். இரண்டாம் ஆண்டு முடியப் போகிறது, வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொல்வதுகூடப் பக்கத்து வரிசைக்குக் கேட்காது. அவள் எழுந்து வந்து, "சார், அதைக் கொஞ்சம் தாங்களேன்" என்றாள். கொடுத்தேன். சில்லின் உடைந்த விளிம்பை முந்தானையால் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "இது கவுத்தி வச்சுச் சுட்டது சார். உள்ள காத்துப் போகல, அதான் கறுத்திருக்கு. வெளிய தீயோட காத்தும் பட்டிருக்கு, அதான் சிவப்பு. உள்ள வைக்கோலோ தழையோ போட்டிருப்பாங்க" என்றாள். எல்லோரும் அவளையே பார்க்கிறோம். "எப்படிம்மா தெரியும்?" என்றேன். "எங்க தாத்தா சூளை போடுவாரு சார்" என்றாள்.

அவ்வளவுதான். அன்றைய வகுப்பு அவள் கைக்குப் போய்விட்டது. உட்பக்கத்தில் மெல்லிய கோடு கோடாக ஓடுவது சக்கரத்தில் விரல் இழுத்த தடம் என்றாள். தாழி அவ்வளவு பெரியது, சக்கரத்தில் முழுதாக வராது, பகுதி பகுதியாக வனைந்து ஒட்டி, உள்ளே கல்லை அண்டக்கொடுத்து வெளியே கட்டையால் தட்டித்தான் எழுப்பியிருப்பார்கள் என்றாள். ஒரு சில்லில் நடுப்பகுதி கறுத்து இருபுறமும் சிவந்திருந்தது. சூடு உள்வரை போகவில்லை, சீக்கிரம் பிரித்துவிட்டார்கள் என்றாள். ஆடு மேய்க்கும் பெரியவர் குனிந்து கேட்டுக்கொண்டே இருந்தவர், "நீ யாரு வீட்டுப் பிள்ளை?" என்றார். ஊரைச் சொன்னாள், தாத்தா பெயரைச் சொன்னாள். பெரியவருக்கு அவரைத் தெரியும்! அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு முகூர்த்தப் பானை அந்தச் சூளையில் வாங்கியதாம். அப்புறம் என்ன, எங்கள் எல்லோருக்கும் அவர் வீட்டில் மோர் கிடைத்தது. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அந்தப் பெண்தான் பேசினாள். இன்றைக்கு அவள் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. வருகிற பிள்ளைகளிடம் முதல் நாளே பானையோட்டைத்தான் கொடுக்கிறாளாம்.

அந்தப் பெண்ணிடம் இருந்த அறிவு, வகுப்பறைக்குள் நான்கு பருவமாக வெளியே வரவில்லை. ஒரு சில்லு கைக்கு வந்த நிமிடம் வந்தது. அதைத்தான் இந்த மேடையில் நான் கேட்க வந்திருக்கிறேன். ஒவ்வொரு கல்லூரி வரலாற்றுத் துறைக்கும் ஓட்டுச்சில்லுக்கென்று ஓர் அறை வேண்டும்.

சில்லு என்ன பெரிய செல்வமா என்று கேட்கலாம். 1944இல் இந்தியத் தொல்லியல் துறைக்குத் தலைமை இயக்குநராக வந்தார் மார்ட்டிமர் வீலர். எழும்பூர் அருங்காட்சியகத்தில், புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டிலிருந்து வந்த ஓர் உடைந்த சாடித் துண்டு அவர் கண்ணில் பட்டது. மத்தியத் தரைக்கடல் நாட்டு மதுச்சாடி அது. புதுச்சேரிக்குப் போனார். அங்கே நூலகத்துப் பேழையில் இத்தாலியில் செய்த பளபளப்பான சிவப்புச் சில்லுகள் இருந்தன. 1945இல் அரிக்கமேட்டில் குழி போட்டார். அந்த இத்தாலியச் சில்லுக்கு ஐரோப்பாவில் ஏற்கெனவே காலம் தெரியும். அதோடு ஒரே அடுக்கில் கிடந்த நம் ஊர்ப் பானைக்கும் காலம் கிடைத்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்கு உறுதியான ஒரு காலப்பிடி கிடைத்த கதை இது. பிற்பாடு விமலா பெக்லி அதே அரிக்கமேட்டுச் சில்லுகளை மறுபடி எடுத்துப் பார்த்து 1983இல் வீலரின் முடிவுகளைக் கேள்விக்கு உள்ளாக்கினார். பிறகு 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டினார்கள். யாரோ ஒருவர் சில்லைத் தூக்கிப் போடாமல் எடுத்து வைத்ததால் இத்தனையும் நடந்தது.

நம் பக்கத்தில் என்ன நடக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பழைய பேராசிரியர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த சில்லுகள் இரண்டு தகரப் பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றிலும் இந்திய மையில் ஊர்ப்பெயர், எண் எல்லாம் எழுதி வைத்திருந்தார். தரமதிப்பீட்டுக் குழு வருகிறது, துறை சுத்தமாக இருக்க வேண்டும் என்று அந்தப் பெட்டிகளைக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் பூந்தொட்டி வைத்தார்கள். இதை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தச் சில்லுகள் எடுக்கப்பட்ட மேடுகளில் சில இன்று வீட்டுமனை. இனி அங்கே போய் எடுக்கவும் முடியாது.

அறைக்குச் சில்லு எங்கே கிடைக்கும்? மாணவர்களே, நீங்களாகப் போய்ப் பொறுக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடத்தில் கை வைப்பது சட்டப்படி குற்றம். மற்ற இடத்திலும் எங்கே எடுத்தது என்று குறிக்காமல் எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. படம் எடுங்கள், இடத்தைக் குறியுங்கள், துறைக்குச் சொல்லுங்கள். நான் கேட்பது வேறு. அகழாய்வு நடக்கும் இடத்தில் பானையோடு பிரிக்கும் முற்றம் ஒன்று இருக்கும். வாய் விளிம்பு, அடிப்பகுதி, குறியீடு உள்ளவை எல்லாம் எண் போட்டுப் பைக்குள் போகும். உடல்பகுதிச் சில்லுகளை எண்ணிக் கணக்கெழுதிய பிறகு பெரும்பாலும் அங்கேயே குவித்துவிடுவார்கள், அல்லது குழியை மூடும்போது போட்டு மூடிவிடுவார்கள். அதில் ஒரு சாக்கை, எந்தக் குழி எந்த அடுக்கு என்ற சீட்டோடு, ஒவ்வொரு கல்லூரிக்கும் தொல்லியல் துறை படிப்புக்காகக் கொடுக்கட்டும். ஒன்றிரண்டு விளிம்புச் சில்லும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஒன்றுக்குள் ஒன்றாக அரைவட்டம் வரைந்த தாளில் விளிம்பைப் பொருத்தி, முழுப் பானையின் வாய் அகலத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். செலவு என்ன? நான்கு இரும்பு அலமாரி, ஒரு நீள மேசை, கழுவத் தொட்டி, பல் துலக்கும் பிரஷ், அளவுகோல். ஒரு ஸ்மார்ட் வகுப்பறைத் திரைக்கு ஆகும் பணத்தில் மிச்சம் பிடிக்கலாம்.

அகல உழுவதைவிட ஆழ உழு. வகுப்பில் பத்து நாகரிகத்தின் பெயரை ஒப்பிக்கிற பிள்ளையைவிட, தன் தாலுகாவில் ஒரு மேட்டைத் தெரிந்த பிள்ளை எனக்குப் பெரியவன்.

நேரம் ஆகிவிட்டது என்று துறைத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கல்வெட்டு பற்றி ஒன்று மட்டும். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் தமிழி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டுபிடித்தார்கள். ஆநிரை கவரும் ஆகோள் பூசலில் இறந்தவனுக்கு எடுத்த கல் அதில் ஒன்று. சங்கப் பாட்டில் வருகிற நடுகல் கண்ணெதிரே வந்து நின்றது. கண்டவர்கள் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர்கள். ஊர் ஊராக நடந்து தேடியவர்கள். எழுத்து படிக்கத் தெரியாதவர் கண்ணுக்கு அது துணி துவைக்கும் கல்லாகத்தான் தெரிந்திருக்கும். ஆய்வகத்தைப் பற்றி முதல்வர் அவர்களே என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். வேலைவாய்ப்பைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசுவோம். தொல்லியல் துறை நடத்தும் பட்டயப் படிப்பு விவரங்கள் துறை அலுவலகத்தில் இருக்கின்றன, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாவட்ட வருவாய் அலுவலர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். இந்த மாவட்டத்தில் செம்மண் குவாரிக்கு அனுமதி கொடுக்கும் முன், அந்த நிலத்தில் தாழியோ கல்வட்டமோ உண்டா என்று அருகில் உள்ள கல்லூரி வரலாற்றுத் துறையிடம் ஓர் அறிக்கை கேளுங்கள். எங்கள் மாணவர்கள் ஒரு வாரத்தில் நடந்து பார்த்துத் தந்துவிடுவார்கள். இதில் அரசுக்குப் பைசா செலவில்லை, மாணவர்களுக்குப் பாடமும் நடக்கும். தலையசைக்கிறீர்கள், மிக்க நன்றி ஐயா.

மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டு மனு வைத்திருக்கிறோம். கல்லூரிகளுக்குப் படிப்புச் சில்லுகள் வழங்கக் கேட்டு மாநிலத் தொல்லியல் துறைக்கு எழுதியது. பேராசிரியர்கள் துறையின் முத்திரையோடு கையெழுத்துப் போடுங்கள். மாணவர்கள் பதிவு எண்ணோடு போடுங்கள். மற்றக் கல்லூரிகளிலிருந்து வந்திருப்பவர்கள் ஒரு படி வாங்கிப் போய் உங்கள் ஊரிலும் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சென்னைக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வணக்கம்.