புளிக்குத் தாங்குமா எழுத்து?

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுப் பரணில் பாட்டி காலத்துத் தவலையோ அண்டாவோ இருந்தால், அதன் கழுத்தோரத்தைப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒரு பெயர் இருக்கும். கல்யாணச் சீர் என்றால் ஊரும் தேதியும் கூட இருக்கும். கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து அப்படிப் பெயர் வெட்டிக் கொடுத்தவர் என் அப்பா. ஒரு சின்ன உளி, ஒரு சுத்தி, மடியில் மடித்துப் போட்ட சாக்கு. கடைக்காரர் பில் போட்டு முடிப்பதற்குள் பெயர் முடிந்திருக்கும். அப்புறம் கரண்டில் ஓடும் பேனா வந்தது. இப்போது அதே வேலையை நான் லேசரில் செய்கிறேன். செம்பில் லேசர் எழுத்து பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

லேசர் எதையும் பொசுக்கிவிடும் என்று நம்பித்தான் நானும் தொழிலில் இறங்கினேன். முதலில் வாங்கியது கார்பன் டை ஆக்சைடு லேசர். 1964இல் அதை உருவாக்கிய குமார் படேல் நம் நாட்டில் பிறந்தவர்தான். மரம், தோல், அக்ரிலிக் எல்லாம் அதற்கு வெண்ணெய் மாதிரி. ஒரு நாள் ஆசையாக ஒரு செப்புத் தகட்டை வைத்து, பவரை முழுக்க ஏற்றி ஓட்டினேன். தகடு லேசாகச் சூடானது. எழுத்து? ஒரு கீறல் கூட இல்லை. அந்த ஒளியின் அலைநீளம் 10.6 மைக்ரான், அதாவது 10,600 நானோமீட்டர். செம்பு அதைக் கிட்டத்தட்ட முழுசாகத் திருப்பி அனுப்பிவிடும். பெரிய பவர் மெஷின்கள் பலவற்றில் உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடியையே செம்பில்தான் செய்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கண்ணாடியில் போய் எழுதப் பார்த்திருக்கிறேன்!

கடையில் விற்கும் செப்புத் தண்ணீர் பாட்டிலில் அதே மெஷினில் பெயர் போட்டுத் தருகிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். அந்த பாட்டில்களில் பல, கறுக்காமல் இருக்க வெளியே மெல்லிய லாக்கர் பூசியவை. லேசர் சுரண்டுவது அந்தப் பூச்சைத்தான், செம்பை அல்ல.

சரி, உலோகத்துக்கு என்று இருப்பது ஃபைபர் லேசர். அலைநீளம் 1064 நானோமீட்டர், அதாவது முன்னதில் பத்தில் ஒரு பங்கு. எவர்சில்வருக்கு அது போதும். ஆனால் செம்பு, வெள்ளி, தங்கம் போன்றவை இந்த ஒளியிலும் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். உள்ளே போகும் கொஞ்சநஞ்சச் சூடும் நிற்பதில்லை. எவர்சில்வரை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் செம்பு சூட்டைக் கடத்திவிடும். காபி டபராவைப் பிடித்தவர்களின் விரலுக்கு இது தெரியும்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் விவசாயிகளுக்கு ஒரே வரியில் சொல்லிவிடலாம். மதகை ஒரு சாண் மட்டும் திறந்து நாள் முழுக்க விட்டால், தண்ணீரை வழியில் உள்ள மண்ணே குடித்துவிடும். கடைமடைக்கு ஒரு சொட்டு வராது. தேக்கி வைத்து முறை போட்டு ஒரேயடியாகத் திறந்தால்தான் வந்து சேரும். செம்பும் அப்படியே. என் மெஷின் 20 வாட். ஒரு குண்டு பல்பு கூட அதை விடப் பெரிசு. ஆனால் அது ஒளியைத் தொடர்ந்து விடாது. நொடிக்கு 20,000 துடிப்பாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் 100 நானோ நொடிக்குள், அதாவது ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குக்குள் கொட்டும். கணக்குப் போட்டால் அந்தக் கணத்தில் அது 10,000 வாட். சூடு ஓடி ஒளிவதற்குள் அந்தப் புள்ளி உருகிப் பறந்துவிடும். உருகிய செம்பு ஒளியை முன்னை விடக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும் என்பது நமக்கு இன்னும் சாதகம்.

நீல ஒளி லேசரைச் செம்பு நன்றாகவே ஏற்கும், விழுவதில் பாதி அளவுக்கு. ஆனால் மலிவாகக் கிடைக்கும் சின்ன நீல மெஷின்கள் ஒரு சாண் திறந்த மதகுதான். வாங்கி ஏமாறாதீர்கள்.

இதெல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் ஒரு பாடம் பாக்கி இருந்தது. ஒரு கிரகப்பிரவேசத்துக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க 101 செப்புச் சொம்புகள். நான் ஆழமாக வெட்டவில்லை. மேல்தோலை மட்டும் சூடாக்கி, கறுப்பாக எழுத்து வரும்படி ஓட்டினேன். ஒரு சொம்புக்கு இருபது நொடி. மை போட்டு எழுதியது மாதிரி அழகு. எனக்கே பெருமை தாங்கவில்லை. விசேஷத்துக்கு முதல் நாள் அந்த வீட்டு அம்மா ஒரு சொம்போடு வந்து நின்றார்.

“கைப்பிடி புளிதான் போட்டுத் தேய்ச்சோம். என்னப்பா தம்பி, பேரெல்லாம் ஆத்தோட போயிடுச்சா?”

போய்த்தான் இருந்தது. அந்தக் கறுப்பு என்பது செப்பு ஆக்சைடு. புளியில் உள்ள டார்டாரிக் அமிலத்தின் வேலையே அதைக் கரைப்பது. அதனால்தானே நம் வீடுகளில் செம்பைப் புளி போட்டுத் துலக்குகிறோம்! லேசர் விற்றவர் எனக்கு எத்தனையோ சொல்லிக் கொடுத்தார். அவர் வீட்டில் செப்புப் பாத்திரம் இல்லை போலிருக்கிறது. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து 101 சொம்பையும் மறுபடி வெட்டினேன்.

இப்போது ஒரே எழுத்தின் மேல் நாற்பது ஓட்டம் விடுகிறேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் கோட்டின் சாய்வை மாற்றவேண்டும், இல்லையென்றால் அடியில் வரப்பு வரப்பாக நிற்கும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஆழம் வந்ததும், விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்கக் குறைந்த பவரில் ஒரு கடைசி ஓட்டம். தேய்க்கத் தேய்க்க மேல்பரப்பு பளபளக்கும், பள்ளத்தில் களிம்பு தங்கிப் பெயர் எடுப்பாகத் தெரியும். ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரை நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்குக் கொடுத்ததைச் சொல்லும் 21 செப்பேடுகளை இன்றும் படிக்க முடிகிறது. அதுவும் பள்ளத்தில் நிற்கும் எழுத்துதான். பல செப்பேடுகளில் ஓரத்தை வேறு சற்று உயர்த்தியிருப்பார்கள், ஏடோடு ஏடு உரசி எழுத்து தேயக் கூடாது என்று.

இந்தத் தொழிலுக்கு வர நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று. 1064 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை மூடாது. விழித்திரை வெந்த பிறகுதான் தெரியும். சொம்பின் வயிறு உருண்டைக் கண்ணாடி, ஒளியை எந்தப் பக்கம் எறியும் என்று சொல்ல முடியாது. அந்த அலைநீளத்துக்கான கண்ணாடிதான் வேண்டும், கூலிங் கிளாஸ் உதவாது. தட்டையான தகடென்றால் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், நேராகத் திரும்பும் ஒளி லேசரையே கெடுத்துவிடும். பித்தளையில் துத்தநாகம் இருக்கிறது. 907 டிகிரியிலேயே அது ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர் ஜுரம் வரும். புகையை வெளியே தள்ள ஃபேன் இல்லாமல் பித்தளையைத் தொடவேண்டாம்.

போன வாரம் ஒரு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வந்தது. அடித்தட்டில் ‘உபயம்’ என்று தொடங்கி மூன்று வரி. முடித்ததும் அப்பாவிடம் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாது அவருக்கு. கட்டைவிரல் நகத்தை எழுத்தின் குறுக்கே இழுத்துத்தான் பார்ப்பார். முதல் வரியில் நகம் மாட்டியது. மூன்றாவதிலும் மாட்டியது. இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. தட்டு அந்த இடத்தில் வளைந்திருந்ததால் ஃபோகஸ் விலகியிருக்கிறது. கழற்றிய விளக்கை இம்மி பிசகாமல் பழைய இடத்திலேயே உட்கார வைக்க அரை மணி நேரம் பிடித்தது. அந்த வரிக்கு மட்டும் இன்னும் இருபது ஓட்டம் விட்டேன். வணக்கம்.