கட்டியத்தில் வரும் பெயர் யாருடையது?

(யாழ்ப்பாணத்து வாசிகசாலை ஒன்றில் மாலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் போக்கை அதிகம் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் பின்வரிசையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

நல்லூர்க் கந்தனுக்குப் பூசை நேரத்தில் கட்டியம், அதாவது வாழ்த்துரை, சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நீளமான வடமொழித் தொடர். நம்மில் பலர் அந்த நேரம் கண்ணை மூடிக்கொண்டு நிற்போம், காதையும் சேர்த்து. அந்தத் தொடரின் நடுவே 'ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகு' என்று ஒரு பெயர் வரும். முருகன் சந்நிதியில், கந்தபுராணத்தில் இல்லாத ஒரு பெயர். யார் இவர்?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. யாழ்ப்பாண வைபவமாலை என்ற பழைய வரலாற்று நூலைப் பிடித்துக்கொண்டால், புவனேகவாகு என்பவர் யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளில் முதல்வரின் மந்திரி. கோயில் கட்டியது சக ஆண்டு 870 என்று ஒரு பழைய பாட்டும் இருக்கிறது, அது கி.பி. 948. மற்ற விடை, 1450ஆம் ஆண்டளவில், தெற்கே கோட்டேயிலிருந்து ஆண்ட சிங்கள அரசனுக்காக யாழ்ப்பாணத்தைப் பிடித்த செண்பகப் பெருமாள். அவர் 17 ஆண்டுகள் இங்கிருந்து ஆண்டார். பிறகு தெற்கே போய், ஆறாம் புவனேகபாகு என்று முடிசூடினார். மந்திரியா, மன்னனா? இந்த வழக்கு நூறு வருடமாக நடக்கிறது. என் எண்ணத்தில், தீர்ப்பு கட்டியத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு முன் ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும்.

வீட்டுக் கதையில் தொடங்குகிறேன். என் அம்மப்பாவின் தகப்பனாரை ஊரில் ஒருவரும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. அவர் விதானையார், அதாவது கிராமத் தலைமைக்காரர், அவ்வளவுதான். காணி உறுதி ஒன்றைத் தேடி எடுத்தபோது அதில் இருந்த பெயரைப் பார்த்து, 'இது வேறு யாரோ ஒருவருடைய உறுதி' என்று எங்கள் மாமி சண்டைக்கே வந்துவிட்டார். அதைவிட ஒரு சிக்கல்: அவருக்குப் பிறகு அந்தப் பதவிக்கு வந்தவரும் விதானையார்தான். 'விதானையார் வெட்டுவித்த கிணறு' என்று ஊரில் ஒன்று இருக்கிறது. எந்த விதானையார்? இரண்டு வீட்டுக்காரரும் இன்றைக்கும் உரிமை கோருகிறார்கள்.

பழைய அரசர்களின் பெயர்களில் இருக்கும் சிக்கலும் இந்தக் கிணற்றுச் சிக்கல்தான்.

பெயரின் பொருளைப் பார்த்தே இது பட்டம், இது சொந்தப் பெயர் என்று சொல்லிவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். சொல்ல முடியாது. எங்கள் ஒழுங்கையில் உழவு மெசின் ஓட்டிய ஒருவருக்கு இராசேந்திரம் என்று பெயர். அரசர்களுக்கு இந்திரன்! அவருக்கு இராச்சியம் இருக்கவில்லை, இரண்டு பரப்புக் காணி இருந்தது. இந்த ஏமாற்றம் வெளிநாட்டிலும் நடந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டுப் பிரித்தானியாவில் வோர்ட்டிகேர்ன் என்று ஓர் அரசன் சொல்லப்படுகிறான். அந்தப் பெயருக்குப் 'பெருந்தலைவன்' என்று பொருள் வருவதால், அது பெயரே அல்ல, பதவிதான் என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் அதே 'தலைவன்' என்ற சொல் கென்டிகேர்ன் என்ற பெயரிலும் இருக்கிறது. அவர் அரசர் அல்லர், கிறிஸ்தவத் துறவி. பொருளை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் துறவிக்கும் முடி சூட்டவேண்டி வரும்.

சரி, பிறகு எதை வைத்துச் சொல்வது? அந்தப் பெயர் ஒரு வம்சத்தில் எப்படிப் புழங்கியது என்பதை வைத்துத்தான். சோழரைப் பாருங்கள். விசயாலயன் பரகேசரி. மகன் ஆதித்தன் இராசகேசரி. அவன் மகன் பராந்தகன் பரகேசரி. அடுத்து கண்டராதித்தன் இராசகேசரி, அரிஞ்சயன் பரகேசரி, சுந்தரசோழன் இராசகேசரி, உத்தமசோழன் பரகேசரி. முதலாம் இராசராசன் இராசகேசரி, இராசேந்திரன் பரகேசரி, அவன் மகன் இராசாதிராசன் இராசகேசரி. ஒன்றுவிட்டு ஒன்று, ஊஞ்சல் ஆடுவது போல. எந்தத் தாய் தகப்பனும் பிள்ளைக்கு இப்படிக் கணக்குப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை. இது சிம்மாசனத்தோடு வரும் பெயர்.

1070இல் சோழ அரியணை ஏறிய குலோத்துங்கன் தகப்பன் வழியில் கீழைச் சாளுக்கியன். தாய்தான் இராசேந்திர சோழனின் மகள். அவனுக்கு முன் ஆண்ட அதிராசேந்திரன் பரகேசரி. ஆகவே வெளியிலிருந்து வந்த இவனும் ஒழுங்காக இராசகேசரி ஆனான். அதுமட்டுமா? தொடக்க ஆண்டுக் கல்வெட்டுகளில் இவன் பெயர் இராசேந்திரன் என்றுதான் இருக்கிறது, பாட்டனாரின் பெயர். குலோத்துங்கன் என்பது பின்னால் வந்து ஒட்டியது. இராசராசனின் இயற்பெயர் அருண்மொழி என்பதும், அவன் மகன் இராசேந்திரனின் இயற்பெயர் மதுராந்தகன் என்பதும் திருவாலங்காட்டுச் செப்பேட்டால் தெரிகிறது. நாம் பாடப் புத்தகத்தில் படித்த பெயர்களில் பாதி, தாய் கூப்பிட்ட பெயர்கள் அல்ல.

இதனால் கல்வெட்டுப் படிப்பவருக்கு வரும் தலையிடி கொஞ்சமல்ல. 'கோப்பரகேசரி பன்மர்க்கு யாண்டு 4' என்று மட்டும் ஒரு கல் சொன்னால், எந்தப் பரகேசரி? என் மாமியின் நிலைமைதான். அந்தக் காலத்தவர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் அடையாளம் சேர்த்து எழுதினார்கள்: 'மதிரை கொண்ட' என்றால் முதலாம் பராந்தகன், 'பாண்டியன் தலைகொண்ட' என்றால் ஆதித்த கரிகாலன், 'காந்தளூர்ச்சாலை கலமறுத்தருளிய' என்றால் இராசராசன். நாம் 'அந்த மாமரத்து வீட்டு விதானையார்' என்பது போல. பாண்டியரும் மாறவர்மன், சடையவர்மன் என்று மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். அங்கே ஒரே காலத்தில் பலர் சேர்ந்து ஆண்டதால் குழப்பம் இன்னும் கூட. சடையவர்மன் சுந்தரபாண்டியர்களைப் பிரித்து எடுப்பதற்குள் பொழுது விடிந்துவிடும். அதை விட்டுவிடுகிறேன்.

இனி சிங்கள அரசர்களின் பழைய தலைநகரான அநுராதபுரத்துக்கு வருவோம். இங்கேயும் அதே ஊஞ்சல். ஏழாம் நூற்றாண்டு தொடங்கி, ஓர் அரசன் சிறிசங்கபோ என்றால் அடுத்தவன் அபா சலமெவன். சிறிசங்கபோ என்பதைத்தான் நாம் ஸ்ரீ சங்கபோதி என்கிறோம். இதில் எனக்குப் பிடித்த விசயம், அது முதலில் ஒரு மனிதனின் சொந்தப் பெயர் என்பது. தன் தலையையே தானமாகக் கொடுத்தான் என்று கதை சொல்லப்படும் பழைய அரசன் ஒருவன். சலமெவன் என்பதற்கும் பின்னால் சிலாமேகவண்ணன் என்ற அரசன் இருக்கிறான். உரோமாபுரியில் சீசர் என்ற குடும்பப் பெயர் பதவிப் பெயராகி, செருமானியரிடம் கைசர் ஆனது போல, இங்கே இருவர் பெயர் இரண்டு பட்டங்கள் ஆகின. ஆகவே, 'பெயரா, பட்டமா' என்று கேட்பவர்கள், 'எந்த நூற்றாண்டில்?' என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

பொலன்னறுவையில் வேளைக்காரப் படையினர் வெட்டுவித்த தமிழ்க் கல்வெட்டு, சோழரை வெளியேற்றிய மன்னனை ஸ்ரீ சங்கபோதி வர்மரான ஸ்ரீ விசயபாகு தேவர் என்கிறது. பாளி வரலாற்று நூலான மகாவம்சத்தின்படி அவர் இளவயதுப் பெயர் கித்தி, அதாவது கீர்த்தி. கித்தி பெற்றோர் வைத்தது. விசயபாகு அரசனாக எடுத்துக்கொண்டது. ஸ்ரீ சங்கபோதி கதிரையோடு வந்தது. ஓர் ஆளுக்கு மூன்று அடுக்கு. நயினாதீவு அம்மன் கோயிலில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டையும் பாருங்கள். யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, வேறு சரக்கென்றால் சரிபாதி என்று சட்டம் சொல்கிற கல் அது. தமிழில் சட்டத்தைச் சொல்லிவிட்டு, முடிவில் வடமொழியில் அரசனைப் பராக்கிரமபுஜன் என்கிறது. பாகு என்றாலும் புஜம் என்றாலும் கைதான். சுப்பையாவை யாரும் மொழிபெயர்த்துக் கூப்பிடுவதில்லை. பாகுவைப் புஜமாக மாற்றலாம் என்றால், பொருள் தெரிந்தே சூடிய பெயர் அது.

இப்போது நல்லூருக்குத் திரும்புவோம். புவனேகபாகு என்று மட்டும் கட்டியத்தில் இருந்தால் மந்திரிக்கும் பொருந்தும், மன்னனுக்கும் பொருந்தும். ஆனால் முன்னால் ஸ்ரீ சங்கபோதி நிற்கிறது. அது சிங்கள அரசர்கள் முடியோடு எடுத்துக்கொண்ட பட்டம். ஒரு மந்திரி அதைத் தன் பெயருக்கு முன்னால் போட்டிருந்தால் அவர் தலை தப்பியிருக்காது. ஆகவே கட்டியம் வாழ்த்துவது முடிசூடிய ஒருவரை, பெரும்பாலும் செண்பகப் பெருமாளை. கோயிலை முதலில் கட்டியவர் அவர்தானா, புதுக்கியவரா என்பது தனி வழக்கு. அதை இந்தப் பட்டம் தீர்க்காது.

எங்கள் சொந்த அரசர்கள்? அவர்களும் ஊஞ்சலில்தான் இருந்தார்கள்: செகராசசேகரன், பரராசசேகரன். இராசகேசரி, பரகேசரி என்ற சோடியின் சாயல் இதில் எனக்குத் தெரிகிறது. செகராசசேகரம், பரராசசேகரம் என்று வைத்திய நூல்களே இருக்கின்றன. எந்தச் செகராசசேகரன் காலத்தில் எழுதியது என்று கேட்டால் மறுபடியும் கிணற்றடிக்குத்தான் போகவேண்டும். அவர்கள் அடித்த நாணயத்தில் நந்தியும் 'சேது' என்ற சொல்லும் இருக்கும், அடித்தவன் பெயர் இராது. கேகாலைப் பக்கம் கொட்டகமவில் கிடைத்த வெண்பா 'சிங்கைநகர் ஆரியன்' என்பதோடு நின்றுவிடுகிறது. 1344இல் வந்த இபின் பதூதா அரசனோடு பேசிப் பழகியும், 'அய்ரி சகர்வதி' என்று ஆரியச் சக்கரவர்த்தியைத்தான் எழுதி வைத்தார். அந்த மனிதனின் பெயரைக் கேட்கத் தோன்றவில்லைப் போலும். ஆரியச் சக்கரவர்த்தி என்ற பெயரைச் சுமந்த பாண்டியத் தளபதி ஒருவன் யாப்பகூவாவிலிருந்து புத்தரின் தந்தத்தை எடுத்துச் சென்றான். அவனைப் பற்றி, மகாவம்சத்தின் தொடர்ச்சியாகப் பிக்குகள் எழுதிய சூளவம்சம், 'அவன் ஆரியன் அல்லன்' என்று போகிற போக்கில் ஒரு குத்து விடுகிறது. பிக்குவும் பெயரின் பொருளைப் பார்த்துத்தான் கோபப்பட்டிருக்கிறார்.

கூட்டம் முடிந்ததும் ஒரு பெரியவர் எழும்பிக் கேட்டார்: "தம்பி, கூழங்கைச் சக்கரவர்த்தி என்கிறார்களே, ஊனமான கை என்று. அதையாவது அவருடைய சொந்த அடையாளம் என்று விடுவீரா?" விட எனக்கும் ஆசைதான். நம் அரசர் பட்டியலில் மனித வாசனை அடிக்கும் பெயர் அது ஒன்றுதான். ஆனால் அது 'காலிங்க' என்ற சொல் திரிந்து வந்தது, 1215இல் படையெடுத்து வந்த கலிங்க மாகனின் தொடர்பு அது என்று வாதிட்ட அறிஞர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். அப்படியென்றால் அது கையுமல்ல, ஊனமுமல்ல, ஒரு தேசத்தின் பெயர். இதைச் சொன்னதும் பெரியவர், "அப்ப அதுவும் போச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.