மாண்டிசோரி ஸ்கூல்லேர்ந்து மூணாவது வருஷத்துல குழந்தையை எடுத்துடாதீங்க

வணக்கம் மக்களே. சென்னை அடையாறுல, தியசாபிகல் சொசைட்டிங்கிற ஆன்மிக சங்கத்தோட காம்பவுண்ட் சுவர் ஓரமா நிக்கிறேன். பஸ் சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க. சின்ன மாண்டிசோரி ஸ்கூல் எப்படி வளருதுன்னு கேட்டிருந்தீங்க. மாண்டிசோரின்னா, வெவ்வேற வயசுப் பிள்ளைங்க ஒரே ரூம்ல இருந்து, பொருளைக் கையால எடுத்துச் செஞ்சு கத்துக்குற முறை. அதுக்கு இந்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்கிறதுதான் முறை.

இந்த முறையை உருவாக்கின மரியா மாண்டிசோரி அம்மா ஒரு இத்தாலி நாட்டு டாக்டர். 1907ல ரோம் நகரத்துல, சான் லொரென்சோங்கிற ஏழைங்க பகுதியில 'குழந்தைகள் இல்லம்'ங்கிற பேர்ல தன்னோட முதல் பள்ளியைத் திறந்தாங்க. 1939ல சொசைட்டி கூப்பிட்டு, மகன் மரியோவோட மெட்ராஸ் வந்தாங்க. இந்த வளாகத்துல ஓலைக் கொட்டகை போட்டு டீச்சர்களுக்குப் பயிற்சி. சுமார் 300 பேர் சேர்ந்தாங்க! அடுத்த வருஷம் இத்தாலி பிரிட்டனுக்கு எதிரா போர்ல இறங்கினதும், இத்தாலிக்காரங்கன்னு பிரிட்டிஷ் சர்க்கார் மரியோவைக் காவல்ல வச்சுட்டாங்க. அம்மா அடையாறை விட்டு நகரக் கூடாதுன்னு உத்தரவு. 1940 ஆகஸ்ட் 31, அவங்க 70வது பிறந்தநாள். அன்னிக்குத்தான் மகனை விடுதலை பண்ணாங்க. அப்புறம் கொடைக்கானல்லயும் இருந்து வேலை பார்த்துட்டு 1946லதான் ஐரோப்பா திரும்பினாங்க. அந்த வயசுல, அந்த நிலைமையிலயும் பாடம் நடத்துறதை நிறுத்தலை. எனக்கு அதை நினைச்சா சிலிர்க்குது.

சரி, இன்னிக்கு நம்ம தெருவுல இருக்குற ஸ்கூலுக்கு வருவோம். பெரும்பாலும் ஒரு வீட்டோட கீழ் போர்ஷன்லதான் தொடங்குது. முதல் வருஷம் ரெண்டரை, மூணு வயசுப் பிள்ளைங்களை மட்டும் சேர்ப்பாங்க. அடுத்த வருஷம் அவங்க கொஞ்சம் பெரியவங்க, புதுசா சின்னவங்க வருவாங்க. மூணாவது வருஷம்தான் மூணுலேர்ந்து ஆறு வயசு வரை எல்லாரும் ஒரே ரூம்ல இருப்பாங்க. அதாவது, ஒரு வகுப்பு முழுசா உருவாகவே மூணு வருஷம் ஆகும்.

அந்த ரூம்ல பிங்க் டவர், அதாவது பிள்ளைங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குற கட்டைங்க, ஒரே ஒரு செட்தான் இருக்கும். 10 கட்டை, 1 சென்டிமீட்டர்லேர்ந்து 10 சென்டிமீட்டர் வரை. இன்னொரு பிள்ளை எடுத்திருந்தா காத்திருக்கணும். பெரிய பிள்ளை எண்ணக் கத்துக்கிற தங்க நிற மணிகளை வச்சு ஆயிரக்கணக்குல கூட்டல் போடும், சின்னது பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கும். உப்புத்தாள் எழுத்துல அ, ஆன்னு விரலால தடவிட்டிருந்த குழந்தை, அஞ்சு வயசுல திடீர்னு கடை போர்டெல்லாம் வாசிக்க ஆரம்பிக்கும். அதைப் பாத்தவங்களுக்குத் தெரியும்.

ஆனா சென்னையில என்ன நடக்குது? சரியா அந்த நேரத்துல, "பெரிய ஸ்கூல்ல இப்ப யூ.கே.ஜி. சேர்க்கலைன்னா அப்புறம் சீட் கிடைக்காது"ன்னு எடுத்துட்டுப் போயிடுறாங்க. பெத்தவங்க பயம் எனக்குப் புரியுது, அது பொய்யான பயம் இல்லை. ஆனா நாத்து நட்டு, களை எடுத்து, கதிர் பிடிக்கிற நேரத்துல வயலை விட்டுட்டுப் போற மாதிரி அது. ரூம்ல பெரிய பிள்ளைங்களே இல்லாம போயிடுது. சின்னவங்க யாரைப் பாத்து கத்துக்குவாங்க? ஆன்ட்டிங்கதான், அதாவது டீச்சர்ங்கதான், எல்லாத்துக்கும் ஓடணும். ஆறு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு எலிமென்டரி வகுப்பு தொடங்கலாம்னா, மேல போறதுக்கு ஆளே இருக்காது. எத்தனையோ நல்ல ஸ்கூல் ப்ளே ஸ்கூலாவே நின்னுபோறதுக்கு இதுதான் பெரிய காரணம்னு நான் நம்புறேன்.

மாண்டிசோரிங்கிற பேரை யாரு வேணா போர்டுல எழுதலாம். அதனால அட்மிஷனுக்குப் போனா ரெண்டு கேள்வி கேளுங்க. காலையில மணி அடிக்காம, இடையில நிறுத்தாம, மூணு மணி நேரம் பிள்ளைங்க வேலை செய்ய விடுறீங்களா? இப்ப இந்த ரூம்ல அஞ்சு வயசுப் பிள்ளைங்க எத்தனை பேர்? கணிசமா இருக்காங்கன்னா, நம்பி சேர்த்துடுங்க, மூணு வருஷமும் பிள்ளையை அங்கேயே இருக்க விடுங்க.