இருதலைக்கொள்ளி எறும்பு

நேயர்களுக்கு வணக்கம்.

முடிவெடுக்க முடியாமல் யாராவது திண்டாடினால், 'இருதலைக்கொள்ளி எறும்பு மாதிரி இருக்கிறார்' என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். அந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அவ்வளவு லேசாகச் சொல்ல மனம் வராது.

தலை என்றால் இங்கே முனை. கொள்ளி, எரிகிற கட்டை. கட்டையின் இரண்டு முனையிலும் தீ, நடுவில் எறும்பு. இந்தப் பக்கம் ஓடினால் சுடும். திரும்பி ஓடினால் அங்கேயும் சுடும். சரி, நடுவிலேயே நின்றுவிடலாம் என்றால், தீ உள்நோக்கி வர வர நிற்கிற இடமும் குறைந்துகொண்டே போகும்.

இந்த எறும்பு அகநானூற்றின் 339ஆம் பாட்டிலேயே இருக்கிறது. பாடியவர் நரைமுடி நெட்டையார். பொருள் தேடப் புறப்பட்டவன் வழியில் தன் நெஞ்சோடு பேசுகிறான். கடமை முன்னே தள்ளுகிறது, காதல் பின்னே இழுக்கிறது. 'இருதலைக் கொள்ளி இடைநின்று வருந்தி, ஒருதலைப் படாஅ உறவி போன்றனம்' என்கிறான். உறவி என்பது எறும்புதான். அவளைப் பிரிவது சாவதைப் போன்றது என்று சொல்லித்தான் பாட்டை முடிக்கிறான். அவனைக் கோழை என்று யார் சொல்ல முடியும்?

அந்த 'ஒருதலை'யையும் கவனிக்க வேண்டும். இதுதான் என்று துணிந்து சொல்வதை 'ஒருதலையாச் சொல்லல்' என்கிறது 634ஆம் குறள். அமைச்சருக்கு வேண்டிய திறமைகளில் அதுவும் ஒன்று. ஒருதலை என்றால் உறுதி. ஒருதலைக் காதல், ஒருதலைப்பட்சம் என்றே கேட்டுப் பழகிவிட்ட நமக்கு அந்தப் பழைய பொருள் மறந்துபோய்விட்டது.

அப்புறம் மாணிக்கவாசகர். திருவாசகத்தில் வரும் நீத்தல் விண்ணப்பத்தில், இறைவனைப் பிரிந்த தம் நிலையை 'இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு' என்கிறார். சங்கப் பாட்டில் 'இடை', இவரிடம் 'உள்'. இடையில் நிற்கிற எறும்பு கீழே விழுந்தாவது பிழைக்கலாம். உள்ளே மாட்டிக்கொண்ட எறும்புக்கு அதுவும் இல்லை.

மதில்மேல் பூனையை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். பூனைக்கு எந்தப் பக்கம் குதித்தாலும் ஆபத்தில்லை. எந்தப் பக்கம் லாபம் என்று பார்த்துக் காத்திருப்பவரை அப்படிச் சொல்லுங்கள், பொருந்தும். முடியாமல் கிடக்கும் பெற்றோரைக் கவனிக்க வேலையை விடுவதா, அவர்களுடைய மருந்துச் செலவுக்காகவே வேலையில் தொடர்வதா என்று இரவெல்லாம் தூங்காமல் கிடப்பவரைப் போய் மதில்மேல் பூனை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

நன்றி, வணக்கம்.